செமிகோலன் காத்த மாப்பிள்ளை

"நோ, நோ! நோ மாமா!" என்று பிரேம்குமார் கத்தியதும், மேஜை மேல் தக்காளி கொட்டியதும் ஒன்றாக நடந்தன.

உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்த மாமனார் வெங்கடசாமி, கதவு திறந்திருக்கவே நேராக உள்ளே வந்து, பையை லேப்டாப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டார்.

லேப்டாப்பில் இருபது நாட்டுக்காரர்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கணினி மொழிக்கு உலகம் முழுக்க ஒரே இலக்கணம் வகுக்கும் குழு அது. ஓசூர் தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதும் பிரேம்குமார், இந்தியாவின் சார்பில் அதில் கலந்துகொள்வது அன்றுதான் முதல்முறை. அன்றைய தீர்மானம் சின்னது. அந்த மொழியில் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் போடவேண்டிய செமிகோலன் என்ற அரைப்புள்ளியை இனி போடாவிட்டாலும் குற்றமில்லை. அது ஜப்பானியப் பேராசிரியர் ஒகாவாவின் பெயரில் வந்திருந்தது. அவர் ஒரு மூலையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

எல்லா நாடும் 'எஸ்' சொல்லிக்கொண்டே வந்தன. தலைவி இங்கிரிட் "இந்தியா?" என்று கேட்ட நொடியில்தான் தக்காளி வந்தது.

"மூன்று தடவை நோ! மிகத் தெளிவான பதில்," என்றார் இங்கிரிட். "காரணம் சொல்ல முடியுமா?"

பிரேம்குமாருக்குக் காது மடல் சுட்டது. உண்மையில் அந்தத் தீர்மானம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. செமிகோலனை விட்டுவிட்டு கம்பெனியில் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறான்! 'மன்னிக்கணும், அது எங்க மாமனாருக்குச் சொன்னது' என்றால் முடிந்தது. ஆனால் இருபது நாடும் அவனைப் பார்த்தன. திரையில் அவனுடைய கட்டத்தில், 'இந்தியா' என்ற எழுத்துக்கு மேல் ஒரு தக்காளி மெதுவாக உருண்டது.

"பாதுகாப்பு," என்றான்.

"எப்படி?"

"கட்டளை எங்க முடியுதுன்னு மெஷினுக்குச் சந்தேகம் வந்தா, அது நிக்காது."

சொன்னதற்கு என்ன பொருள் என்று அவனுக்கே தெரியவில்லை. பிரேசில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அவசரப்பட்டுவிட்டேன். என் எஸ்ஸைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார். போலந்தும் அவர் பின்னாலேயே போனது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

"என்னாங்க, இப்படி வேர்த்திருக்கு?" என்று கேட்டபடி தக்காளியைப் பொறுக்க வந்த மனைவி சுமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"இதுக்குப் போயா? தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு மெயில் போடுங்க."

"இந்தியாவோட மானம் போயிடும் சுமா."

"இந்தியாவோடதா, உங்களோடதா?"

மெயில் போட்டான். 'தப்பாச் சொல்லிட்டேன்' என்ற வார்த்தைக்கு மட்டும் கை வரவில்லை. 'என் நோவை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேராசிரியர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு' என்று சுற்றி வளைத்து எழுதினான். இங்கிரிட் அதை எல்லா நாடுகளுக்கும் அனுப்பிவைத்தார், மேலே ஒரு வரி சேர்த்து: 'இந்தியாவின் பணிவான, ஆனால் அசைக்க முடியாத நிலைப்பாடு.'

அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு நாடுகள் இந்தியாவின் பக்கம் சேர்ந்தன.

மறுவாரம் வெங்கடசாமி போன் செய்தார்.

"மாப்பிள்ளை, ஜப்பான்காரரு போட்ட திட்டத்தையே நிறுத்திப்புட்டீங்களாமே! சுமா சொல்லுச்சு."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மாமா..."

"இந்த அடக்கந்தான் உங்ககிட்ட எனக்குப் புடிச்சது. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் கட்டியாச்சு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தான். கல்யாணத்தில் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த படம். கீழே, 'உலக அரங்கில் செமிகோலன் காத்த எங்கள் வீட்டு மாப்பிள்ளை!' பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு இரண்டு புள்ளிகள். அச்சடித்தவர் செமிகோலனுக்கு வால் போட மறந்து வெறும் கோலனாக்கியிருந்தார். ராயக்கோட்டை பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரேம்குமார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ குடிக்கப் பார்த்து, சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் அன்று மாலை இங்கிரிட்டிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'பேராசிரியர் ஒகாவா யாருடைய கடிதத்துக்கும் பதில் போடுவதில்லை. உங்கள் எதிர்ப்பு அவரை வருத்தியிருக்கும் என்று அஞ்சுகிறேன்.'

பிரேம்குமாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் அசட்டு கௌரவத்துக்காக, முகம் நிமிராத ஒரு பெரிய மனிதரை இருபது நாட்டுக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு கூசியது.

"சொல்லிடறேன் சுமா."

"சொல்லிடுங்க. அதுக்கப்புறம் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடலாம்."

அடுத்த கூட்டத்துக்கு வெங்கடசாமியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லப் பிரேம்குமாருக்கு இப்போது பயமாக இருந்தது.

"இந்தியா பேச விரும்புகிறது," என்றார் இங்கிரிட்.

பிரேம்குமார் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னான். தக்காளி, மாமனார், நோ, பொய்க் காரணம், மெயில். எதையும் விடவில்லை. "தீர்மானம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டேன். பேராசிரியர் என்னை மன்னிக்க வேண்டும்," என்று கைகூப்பினான்.

"அப்படிப் போடுங்க மாப்பிள்ளை!" என்றார் ஆங்கிலம் தெரியாத வெங்கடசாமி.

போலந்துக்காரர் மேலே விட்டத்தைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று பிரேம்குமார் நினைத்தபோது, ஒகாவா முதல்முறையாகத் தன் மைக்கைப் போட்டார். அவர் முகம் அவனுடையதைவிடச் சிவந்திருந்தது.

"எல்லோரும் எஸ் சொல்லிவிட்டதால் எனக்கும் வாய் எழவில்லை, அது தீர்மானமே இல்லை, என் மாணவர்களுக்கான பரீட்சைக் கேள்வி, தவறுதலாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன், 'இதிலுள்ள தவறுகளைக் கண்டுபிடி' என்ற முதல் வரி விட்டுப்போய்விட்டது."