மெக்கானிக் தேய்த்த மிதவை

அந்த மெக்கானிக்கை இனி என் படகுப் பக்கமே அண்ட விடக்கூடாது. பல் துலக்கிக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாக எடுக்க முடியவில்லை. மனைவி பக்கத்தில் நின்றதும் ஒரு காரணம்.

எங்களுடையது பான்டூன் படகு. நீளமான இரண்டு அலுமினிய மிதவைகள், உள்ளே வெறும் காற்று. மேலே பலகைத் தளம், சுற்றிக் கம்பி, நாற்காலிகள், ஒரு கூரை. ஏரியைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. ஓட்டுவது நான், டிக்கெட் கொடுப்பது அவள். மிதவையில் பாசி பிடித்தால் படகு நகராது, அடிக்கடி தேய்க்க வேண்டும். அது பெரிய வேலை. பெரிய வேலைகளை நான் மதிப்பவன், அதனால் கிட்டே போவதில்லை.

அந்த இடைவெளியில்தான் மெக்கானிக் புகுந்தான். எதிர்க்கரையில் மோட்டார் கடை வைத்திருப்பவன்.

"என்னங்க, மெக்கானிக் வந்து மிதவையைத் தேய்ச்சுட்டுப் போனார். முகம் பாக்கலாம் போல இருக்கு!"

"எப்ப வந்தான்?"

"நீங்க மத்தியானம் தூங்குறப்ப."

"நான் தூங்குறப்ப மட்டும் ஏன் வர்றான்?"

"நீங்க முழிச்சிருக்கிற நேரம் கம்மிங்களே."

காதில் புகை வந்தது. மறுவாரம் இன்னொரு பாராட்டு மாலை. மிதவையின் பின்பக்க அடைப்பானை அவன் இறுக்கினானாம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லையாம். "என்ன கைங்க அது!" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். கல்யாணமான நாளிலிருந்து என் கையைப் பற்றி அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "போய்க் கழுவிட்டு வாங்க."

அவள் மனசிலிருந்து அவனைக் கவிழ்த்தே ஆக வேண்டும். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தண்ணீரில் இறங்கினேன். இடது மிதவையின் அடைப்பானைப் பிடித்து நன்றாகத் தளர்த்திவிட்டேன். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. அவன் மானமே வெளியேறுவது போல எனக்கு ஆனந்தம்.

அவள் திரும்பியபோது படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"ஐயையோ! பாத்தியாடி உன் மெக்கானிக் லட்சணத்தை! கையாம் கை!"

அவள் படகைப் பார்த்தாள். பிறகு இடுப்பு வரை நனைந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவமே! இவ்வளவு பொறுப்பில்லாத ஆளா? இனிமே அவர் வேண்டாங்க."

"வேண்டவே வேண்டாம்!"

"ஆனா அவர் மாதிரி தேய்க்க வேற யாருக்கு வரும்?"

"ஏன், நான் இல்லையா?"

"நீங்களா? விடுங்க, அவர் அளவுக்கு வராது."

"அவனை விடப் பளபளன்னு ஆக்கிக் காட்டுறேன், பாரு!"

பிரஷ் எப்படித்தான் அவள் கைக்கு வந்ததோ, அடுத்த நொடி என் கையில் இருந்தது. கப்பி போட்டுப் படகைக் கரைக்கு இழுத்தேன். மிதவையில் புகுந்த தண்ணீரை வடித்தேன். அடைப்பானை இறுக்கி, வேறெங்காவது கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். அப்புறம் தேய்த்தேன், தேய்த்தேன், இடுப்பு கழன்று தனியாக வந்துவிடும் போலத் தேய்த்தேன்.

பழுது பார்த்த மோட்டாரைக் கொடுக்க மெக்கானிக் அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். விடுவேனா?

"பாத்துக்கோ தம்பி, இதுக்குப் பேர்தான் தேய்க்கிறது! நீயும் தேய்ச்சியே!"

"நானா? மோட்டாரைத் தவிர உங்க படகுல நான் எதையும் தொட்டதே இல்லையேண்ணே. அக்காதானே தண்ணியில நின்னு தேய்ப்பாங்க. அடைப்பானை இறுக்குறதும் அவங்கதான். என் கடையிலேருந்து பாத்தா தெரியுமே."

அவன் போய்விட்டான். என் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ தேய்ச்சுட்டு அவன் தேய்ச்சான்னு ஏன்டி சொன்னே?"

"நான் தேய்க்கிறேன்னு சொல்லியிருந்தா, 'சரி, தேய்'னு திரும்பிப் படுத்திருப்பீங்க. நகருங்க, வலது மிதவையில பாசி அப்படியே இருக்கு."