கித்தாரில் வந்த மரண அறிவித்தல்

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் எந்தச் சாமானின் உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது, அதனால் எதையும் தொட மாட்டோம். கடைசி வருடம் வேலை தேடுகிற கவலையில் தொட நேரமிருக்காது. மூன்றாம் வருடம்தான் ஆபத்து. எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த நான் அந்த விடுமுறைக்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடம் வந்தபோது, அம்மா மிக்சியைத் தூக்கிப் பரணில் ஒளித்து வைத்தார். அண்ணனுக்கு அந்த முன்யோசனை இல்லை.

என் அண்ணன் சகாயம் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கரையில் இருக்கும் நாளெல்லாம் கித்தார்தான். மதுரையில் பழசாக வாங்கிய எலக்ட்ரிக் கித்தார். அதைக் கோயிலில் பூசைக்கு வாசிக்க வேண்டும் என்பது அவனுடைய வாழ்நாள் ஆசை. பாடகர் குழுவுக்குத் தலைவரான இன்னாசி பெரியப்பா விடவில்லை. அவருடைய ஆர்மோனியப் பெட்டிதான் அங்கே சட்டம். கரண்டில் ஓடுகிற வாத்தியம் எல்லாம் கச்சேரிக்கு என்பது அவர் கட்சி. அண்ணன் பங்குச் சாமியாரிடம் நடையாய் நடந்து, ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கினான். அந்த ஒரு பூசை. பெரியப்பாவுக்குப் பிடித்தால் கித்தார் குழுவில் சேரும். பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அந்த வாரம் பார்த்துத்தான் கித்தாரின் சத்தத்தை மாற்றுகிற செலக்டர் சுவிட்ச் செத்துப்போனது. எங்கள் ஊர் உப்புக்காற்று கதவுக் கீலையே தின்றுவிடும், இந்தக் குட்டி சுவிட்ச் எம்மாத்திரம்? மதுரைக்கு எடுத்துப் போகிறேன் என்றான் அண்ணன். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) வீட்டில் ஒரு இன்ஜினியரை வைத்துக்கொண்டு மதுரை எதற்கு என்று கேட்டேன். பாவம், நம்பிவிட்டான்.

முன்தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வாயடைத்துப்போனேன். (என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி.) கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தமும் அதைச் சுற்றிச் சுற்றிச் சுற்றிய செம்புக்கம்பியும்தான். அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. மேலே இரும்புத் தந்தி நடுங்கினால், தொடாமலே இங்கே கரண்டு பிறக்கிறது. பரீட்சையில் அதைப் பதினைந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு அழகு என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பரவசத்திலேயே எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டேன்.

எந்த வயர் எங்கே இருந்தது என்று வரைந்துகொள்ள வேண்டும் என்பது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. உப்பேறி எல்லா வயரும் ஒரே கறுப்பாக இருந்தன. புது சுவிட்சைப் போட்டு, மனசுக்குப் பட்டபடி பற்றவைத்து மூடினேன். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் சத்தம் வந்தது. எனக்கு அதுவே போதும். அண்ணனுக்குத்தான் சந்தேகம். "ஏ பிள்ள, முன்னாடி கம்பியத் தொட்டா இரைச்சல் அடங்கும். இப்ப தொட்டாத்தான் இரையுது?" என்றான். கோயில் ஆம்ப்ளிஃபயரில் போட்டால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன்.

ஞாயிறு காலைப் பூசை. அண்ணன் வாசித்த வாசிப்பில் எனக்குப் புல்லரித்தது. பெரியப்பாவின் தலைகூட லேசாக ஆடியதைப் பார்த்தேன். பாட்டுக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது போலிருந்தது. பெண்கள் பக்கம் யாரோ செபம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமியார் எல்லோருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடிந்தது. எல்லோரும் முழந்தாளிட்டு மௌனமாக இருக்கிற நேரம். அண்ணன் அடுத்த பாட்டுக்காக சுவிட்சை நடுவில் தள்ளிவிட்டு, கித்தார் சத்தம் போடாமல் இருக்க உள்ளங்கையைக் கம்பிகள் மேல் பதமாக வைத்தான். உடனே கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் ஒரு பெண்குரல் தெளிவாக, அமைதியாகக் கேட்டது.

"மரண அறிவித்தல். பேசாலையைப் பிறப்பிடமாகக் கொண்ட..."

கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார்த் தீவில் இருக்கிறது பேசாலை. அக்கரை ரேடியோவில் காலையில் சாவுச் செய்தி வாசிப்பார்கள். ஜாக்கில் இரண்டு வயரை நான் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். அதனால் ஆறு தந்தியும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆறடி அண்ணனும் சேர்ந்து ஒரே ஏரியல் ஆகிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் பதறிக் கையை எடுத்தான். குரல் நின்றது. பெரியப்பா மெல்லத் திரும்பினார். போச்சு, அண்ணனின் கித்தார் இன்றோடு சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கையை வைலே," என்றார் பெரியப்பா. "பாதியில நிப்பாட்டுறதுக்கு இது என்ன பாட்டா? சாவு. யாருன்னு கேட்டுக்கிருவோம்."

அண்ணன் திரும்பக் கையை வைத்தான். அதற்குள் பெயர் போய்விட்டது. யாரோ ஒருவரின் அன்பு மனைவியும், பலருடைய பாசமிகு தாயாரும் என்று மட்டும் கேட்டது. பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், அடக்கம் மாலையில் என்ற விவரம், எல்லாவற்றையும் அந்தக் குரல் நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் கையை அசைக்கவில்லை. முன்வரிசையில் யாரோ செத்தவர்களுக்குச் சொல்கிற 'நித்திய இளைப்பாற்றி' செபத்தைத் தொடங்க, மொத்தக் கோயிலும் சேர்ந்து சொன்னது. சாமியாரும் சேர்ந்து சொன்னார். எத்தனை நூறு முறை வாய்ப்பாடம் மாதிரி ஒப்பித்த செபம் அது. அன்றைக்குத்தான் அதை ஒரு ஆளுக்காகச் சொல்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

கதை அதோடு நிற்கவில்லை. சாவுச் செய்தி கேட்டால் துக்கமணி அடிப்பது கோயில்பிள்ளையின் வேலை. அவர் பழக்கதோஷத்தில் போய் அடித்துவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தால், யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு பாதி ஊர் வாசலில் நிற்கிறது. ஒருவர் மாலையோடு. என் அம்மா என்னைப் பார்த்தார். மிக்சியை ஒளித்தது எவ்வளவு சரி என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

பெரியப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அண்ணன் கித்தாரைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா பெட்டி வாசிக்கிறேன். கோயிலத் தாண்டி அதுக்குக் காது கிடையாது. இது அக்கர வரைக்கும் போயிக் கேட்டுட்டு வந்துருச்சு. இருக்கட்டும்ல," என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைய மட்டும் அது பக்கத்துல விடாத," என்றார்.

ஆனாலும் அன்று மத்தியானம் அவர் கண்முன்னாலேயே நான்தான் வயரை மாற்றினேன். இரைச்சல் அடங்கியது. செத்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாளுக்கு அந்த வருடம் முந்தின நாள் அவரே வந்து, பழையபடி தப்பாக மாற்ற முடியுமா என்று காதோடு கேட்டார். மாற்றிப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. ஒரு தப்பை இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்யக்கூட எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் இப்போதும் பூசைக்கு வாசிக்கிறான். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் வரைகிறேன், நல்ல பெயர்தான். ஊருக்கு வந்து ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், அண்ணன் எழுந்து நின்று சிலுவை போட்டு 'நித்திய இளைப்பாற்றி' தொடங்கிவிடுவான். போன மாதம் அது ஃபேனுக்கு. வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தார்.

"சொல்லுறதுதான் சொல்லுற, பேசால அம்மாவுக்கும் சேத்துச் சொல்லு."