குடும்ப பிளானில் ஒரு மோட்டார்

ஒரத்தநாடு,
தை 27

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அக்கா செம்மொழி எழுதுவது. இங்கு நான், உன் மச்சான், பொன்னுத்தாய் சித்தி, வயல் மோட்டார் ஆகிய நால்வரும் நலமாக இருக்கிறோம். ஓசூரில் நீயும் பூவிழியும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மோட்டாரை ஏன் இந்த வரிசையில் சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும். போனில் சொல்லாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் என்றால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசி என்னைப் போஸ்ட்பெய்டின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் புதுப் போனை எல்லோருக்கும் காட்டினாய். கம்பெனியே பழைய போனை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கிறது, மாதக் கடைசியில் ஒரே பில், ரீசார்ஜ் என்ற தொல்லையே கிடையாது என்றாய். நான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, "அக்கா ஒரு மாசத்துக்கு மேல யாரையும் நம்பமாட்டா" என்றும் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று சொல்லும் கம்பெனியைப் புள்ளியியல் படித்தவள் எப்படி அதற்கு மேல் நம்புவது என்று கேட்க நினைத்தேன். வடை ஆறிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். அதற்குப் பத்து நாள் முன்பே நம் வீட்டுக்குள் போஸ்ட்பெய்டு நுழைந்துவிட்டது என்பதையும், அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் மோட்டார் என்பதையும் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். சொல்லியிருந்தால் நீ இன்னும் இரண்டு நாள் தங்கிப் பேசியிருப்பாய்.

மோட்டாருக்கு எதற்குப் போன் என்று கேட்பாய். சித்தியின் வீட்டிலிருந்து நம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் வயலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். அவருக்கு வயது அறுபத்து மூன்று, முழங்கால் வலி. ஆகவே போன வருடம் மோட்டார் மெக்கானிக் ஜெக்கரியா அண்ணன் ஒரு பெட்டியை வாங்கிவந்து ஸ்டார்ட்டரோடு மாட்டினார். அதற்குள் ஒரு சிம் வேண்டும் என்றார். என்னிடம் சும்மா கிடந்த சிம் ஒன்றைக் கொடுத்தேன். அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பெட்டி இரண்டு தடவை மணி அடிக்கவிட்டு, போனைக் கட் செய்து, மோட்டாரை ஓடவிடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிறுத்தும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கும் வசதியுள்ள பெட்டியும் இருக்கிறதாம், விலை அதிகம் என்று வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

மார்கழியில் பயிர் பால் பிடிக்கும் நேரம். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், நம் வாய்க்காலுக்கு வரவில்லை. சித்தி மிஸ்டு கால் கொடுக்கிறார், மோட்டார் ஓடவில்லை. மறுபடியும் கொடுக்கிறார், ஓடவில்லை. பிறகுதான் தெரிந்தது, மோட்டாரின் ரீசார்ஜ் முடிந்து, கம்பெனி அதற்கு அழைப்பு வருவதையே நிறுத்திவிட்டது. ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஏழு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள், எல்லாமே மோட்டாருக்கு. சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வயலுக்கு நடந்தார். இந்த ஆறு மாவை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிர்செய்து வருவதில்தான் அவருக்கு வருடம் முழுவதும் சோறு. நமக்கு அது சொத்து என்றால் அவருக்கு அது பிழைப்பு. ஆகவே உன் மச்சான் இளம்பரிதி போஸ்ட்பெய்டு என்று வாயைத் திறந்தபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அவர் கடைத்தெருவில் ஜாபிர் நடத்தும் செல்போன் கடைக்குப் போய்க் குடும்ப பிளானில் சேர்ந்துவிட்டு வந்தார். ஒரே பில்லில் இரண்டு நம்பர், பழைய நம்பர்களேதான். ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கு சார் என்று ஜாபிர் கேட்டிருக்கிறார். வயலுக்கு என்று சொல்லியிருக்கிறார் இவர். வயல் என்று எழுத முடியாதாம், பயன்படுத்துபவர் பெயர் வேண்டுமாம், உறவுமுறையும் வேண்டுமாம். பொன்னுத்தாய், சித்தி என்று எழுதிக் கொடுத்தார். அன்று முதல் கம்பெனியின் கணக்கில் நம் மோட்டார்தான் பொன்னுத்தாய். நான் மட்டும் சேரவில்லை. என் நம்பர் பழையபடி இருபத்தெட்டு நாள்தான்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. தை இரண்டாம் தேதி கடைசித் தண்ணீர் வைத்துவிட்டு, இனி அறுப்புதான் என்று சித்தி வடிகாலை வெட்டிவிட்டார். இருபத்தைந்தாம் தேதிக்கு அறுவடை மிஷின் சொல்லியாயிற்று. சேற்றில் இறங்கும் பெல்ட் மிஷின்கள் எல்லாம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்விட்டதால் கிடைத்தது டயர் மிஷின். வயல் காய்ந்திருந்தால்தான் அது இறங்கும். ஈரமாக இருந்தால் டிரைவர் வண்டியை நிறுத்திக்கூடப் பார்க்கமாட்டார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கடலில் மழை உருவாகிறது என்று டிவியில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிற்கும் கதிர் மழையில் சாய்ந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

ஆறாம் தேதி காலை சித்தி போய்ப் பார்க்கிறார், வயலில் தண்ணீர். மோட்டார் நின்றிருக்கிறது. வடிகாலைப் பார்த்தால் திறந்துதான் இருக்கிறது. ஏழாம் தேதி காலையும் தண்ணீர், மோட்டார் நின்றுதான் இருக்கிறது. சித்தி முதலில் எலி வளையைத் தேடினார், பிறகு வாய்க்கால் மடையைத் தோண்டி மறுபடி அடைத்தார், பிறகு பக்கத்து வயல் அப்துல் அஜீஸ் பாயின் வரப்பில் கசிவு என்று முடிவுகட்டி அவரோடு சண்டைக்குப் போனார். உன் மச்சான் மின்சார அலுவலகத்துக்குப் போய் வந்தார், கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும் ஆட்டோ சுவிட்சை நிறுத்திவைத்தார், எதற்கும் பயன் இல்லை. அஜீஸ் பாய் பொறுமையான மனிதர். நான்கு நாள் திட்டு வாங்கிய பிறகு பதினோராம் தேதி அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், நான் தண்ணி விடல. உங்க மோட்டார்தான் ஓடுது. நான் மதியத் தொழுகைக்குக் கிளம்புறப்ப ஓட ஆரம்பிக்கும், சாயங்காலம் மஹ்ரிபுக்குப் போறப்ப நிக்கும். என்னைவிட நேரம் தவறாம இருக்கேன்னு நினைச்சுக்குவேன்."

சித்தி வயலுக்குப் போவது காலையில். மோட்டார் ஓடுவது மதியத்துக்கு மேல். இதை யாரும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் என் படிப்பு பயன்பட்டது என்று எழுத ஆசைப்படுகிறேன். இரண்டு நாள் அரைநாள் விடுப்பு, ஒரு ஞாயிறு என்று மூன்று நாள், மோட்டார் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டுவிட்டு, அஜீஸ் பாயின் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறித்தேன். பன்னிரண்டாம் தேதி ஒன்று பத்துக்கு ஓடியது, ஆறு பதினாறுக்கு நின்றது. பதின்மூன்று, ஒன்று ஒன்பது, ஆறு பதினைந்து. பதினான்கு ஞாயிற்றுக்கிழமை, ஓடவே இல்லை. ஓடத் தொடங்குமுன் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து இரண்டு தடவை மணி அடிக்கிறது. அதாவது யாரோ போன் செய்கிறார்கள். நேரம் தவறாமல் செய்கிறார்கள், ஞாயிறு விடுமுறை எடுத்துக்கொள்கிறார்கள். இது மனித நடத்தை அல்ல, அலுவலக நடத்தை. மோட்டாரின் நம்பர் யாருக்குத் தெரியும்? சித்திக்கு, எனக்கு, உன் மச்சானுக்கு, கம்பெனிக்கு. நாங்கள் மூவரும் கூப்பிடவில்லை. மிச்சம் யார் என்பதற்கு எம்.எஸ்ஸி. தேவையில்லை.

பதினைந்தாம் தேதி காலை ஜெக்கரியா அண்ணனை அழைத்து, பெட்டியிலிருந்த சிம்மைக் கழற்றிச் சித்தியின் போனில் போட்டோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் பேசினாள்.

"பொன்னுத்தாய் மேடமா?"

சித்தி என்னைப் பார்த்தார். "ஆமா. என் பேரு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க எங்களோட நல்ல கஸ்டமர் மேடம். உங்க போனை அப்கிரேட் பண்ணிக்கலாம். புது போன், குறைஞ்ச தவணை."

"அது போன் இல்லம்மா. மோட்டாரு. ஏழரை எச்பி."

"அதுக்கு ஆஃபர் இருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள். ஜெக்கரியா அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி சிரிக்கவில்லை.

"இந்தா பாரு பொண்ணே. நீங்க கூப்பிடுறப்பல்லாம் எங்க வயல்ல தண்ணி ஏறுது. கதிரு முத்தி நிக்குது. மிஷின் இறங்கலன்னா அடுத்த வருசம் வரைக்கும் எனக்குச் சாப்பாடு இல்ல. உனக்குப் புண்ணியமாப் போவும், இந்த நம்பரை மட்டும் விட்டுடு."

அவள், "எங்க வீட்லயும் வயல் இருக்கும்மா. இனிமே கூப்பிட மாட்டோம்" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் ஒரு பெண்ணின் நல்ல மனதை நம்பி நான் கம்பெனியை நம்பத் தயாராக இல்லை. சிம்மைத் திரும்பப் பெட்டியில் போடவேண்டாம் என்று சொல்லி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து மோட்டார் ஒரு தடவைகூடத் தானாக ஓடவில்லை. என் கணிப்பு சரி என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பத்து நாள் நல்ல வெயில். இருபத்தைந்தாம் தேதி காலை சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி நடந்தார். நடுவில் நின்று குதிகாலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பதியவில்லை. டிரைவரும் இறங்கி அதேபோல் அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். அந்த மிஷின் வயலுக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்டபோதுதான், இத்தனை நாளாக நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு இறக்கியாயிற்று. நேற்று மதியம் பிடித்த மழை இன்று காலைவரை பெய்தது. சித்தி எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே மூன்று டம்ளர் காப்பி குடித்தார். அஜீஸ் பாய் வீட்டுக்குப் புதுநெல் அரிசி ஒரு படி அனுப்பியிருக்கிறார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அரிசி அதைச் சொல்லிவிடும் என்கிறார்.

ஆகவே தம்பி, முடிவு இதுதான். போஸ்ட்பெய்டு என்பது நாம் கேட்காமலே நம்மைக் கூப்பிடும். ப்ரீபெய்டு என்றால் நாம் கூப்பிடும்வரை சும்மா இருக்கும், அல்லது செத்துக் கிடக்கும். இரண்டில் எனக்குச் செத்துக் கிடப்பதுதான் நம்பிக்கையாக இருக்கிறது. உன் மச்சானின் நம்பர், மோட்டாரின் நம்பர் இரண்டையும் ப்ரீபெய்டுக்கு மாற்றச் சொல்லி நேற்று மழையிலேயே ஜாபிர் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் மச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு நாளில் இறக்கிவிடுவார். மோட்டாரின் ரீசார்ஜ் தேதியை என் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவிட்டேன். நீயும் உன் பில்லை ஒரு தடவை வரிவரியாகப் படித்துப் பார். அண்ணன் தம்பி என்று யாரும் இல்லாத மோட்டாரைக்கூட இந்தக் கம்பெனிகள் விட்டுவைப்பதில்லை.

உனக்கும் பூவிழிக்கும் எங்கள் அன்பும் ஆசியும். சித்தி தனியாகவும் சொல்லச் சொன்னார். இந்த வெள்ளாமை வீடு வந்துசேர்ந்ததுபோல் உங்கள் காரியங்கள் எல்லாம் மழைக்கு முன் கரைசேரட்டும்.

அன்புடன்,
அக்கா செம்மொழி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பூவிழி போன் செய்தாள். பொங்கலன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னது அக்காவை உறுத்தியிருக்குமோ என்று நீ மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவையும், சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும்போது ஒரு தடவையும் கூப்பிட்டாயாம். இரண்டு தடவை மணி அடித்ததுமே அக்கா கட் செய்துவிடுகிறாளாம். பதினைந்தாம் தேதி முதல் சுவிட்ச் ஆஃப் செய்தே வைத்துவிட்டாளாம். வேறு வழியில் கேட்க உனக்கு மானம் இடம் கொடுக்கவில்லையாம். எந்த நம்பருக்கு என்று கேட்டேன். ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். அது நான் சீர்காழியில் வேலை பார்த்தபோது வைத்திருந்த நம்பர், செழியா, மோட்டாருக்குக் கொடுத்த அதே சிம். உன் புதுப் போனில் பெயர்களை ஏற்றியபோது என் பெயருக்குக் கீழே இப்போதைய நம்பருக்கும் மேலே அது வந்து உட்கார்ந்திருக்கிறது. என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்று பத்து உன் சாப்பாடு, ஆறேகால் உன் பஸ், ஞாயிறு உனக்கு லீவு. கம்பெனியைப் பற்றி மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பெண் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான் போலிருக்கிறது. எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நானும் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். நீ வேலையாக இருப்பாய் என்று இருந்துவிட்டேன். சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "இப்ப அவன் உன்னோட சரியான நம்பருக்குப் பேசிக்கட்டும். குறுவைக்கு நாத்து விட்டதும் சிம்மைப் பொட்டியில போட்டுடுவோம். அப்புறம் அவனை அதே நேரத்துக்கு, விடாம, பழைய நம்பருக்கே கூப்பிடச் சொல்லு."