கம்பளிக்குள் இருந்தவர்

இந்த விநாயகர் சவுத்திக்குக் கணபதி தலைக்கு மேல் கட்டித் தொங்கவிடுகிற காய்களில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதாக இருக்காது என்று அப்பா சபதம் போட்டார். வெள்ளரி, பீர்க்கு, பாகல், எல்லாம் நம் கிணற்றடியில் விளைந்ததாகத்தான் இருக்கும். குரங்குக்கு ஒரு பிஞ்சுகூடக் கிடையாது. ஓட்டில் மழை அடிக்கிற சத்தத்தையும் மீறிச் சொன்னார். குரங்குகளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மறுநாளே வந்துவிட்டன.

அந்தச் சபதத்தில் அடிபட்டது நான். கர்நாடகத்தில் சிர்சிப் பக்கத்துப் பாக்குத் தோட்டத்து வீடு எங்களுடையது. வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று, கிணற்றடி. அங்கே டேலியாப் பூ நாற்றுப் போட்டு விற்கலாம் என்றிருந்தேன். படிப்பு எனக்கு வரவில்லை. பன்னிரண்டாவதில் கணக்கு போயிற்று. மறுபடி எழுதமாட்டேன். ஆனால் அம்மாவிடம் நாற்பத்திரண்டு வகை டேலியா இருக்கிறது. எந்தக் கிழங்கில் எந்த நிறம் வரும் என்று நான் தடவிப் பார்த்தே சொல்வேன். நட்டு வளர்க்க ஒரு நல்ல டேலியாக் கொப்புக்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் மழையில் மூன்று பஸ் மாறி வருவார்கள்.

அப்பா விடவில்லை.

"மண்ணைப் பிசையவா உன்னைப் பெத்தேன்? சவுத்தி முடிஞ்சதும் பெங்களூரு. அத்தை வீட்ல இருந்து கம்ப்யூட்டர் கத்துக்க."

"எனக்கு அது பிடிக்கலப்பா."

"அதுக்கு உன்னைப் பிடிச்சா போதும்."

குரங்குப் படைக்குத் தலைவன் வாலறுந்தான். அவனை நான் மதிக்கிறேன். அப்பா ரப்பர் பாம்பு கட்டினார். அவன் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அப்பா பட்டாசு வைத்தார். அவன் தீப்பெட்டியைக் கொண்டுபோனான். கடைசியில் அப்பாவே கவண் எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அதற்குத்தான் குரங்குகள் ஒதுங்கின. அம்மா விரட்டினால் கொட்டாவி விடுகிற கூட்டம் அது.

"உங்க முகத்துல ஏதோ இருக்குங்க," என்றாள் அம்மா.

"பரம்பரை," என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை காவல். கஜானன பட்டர் வீட்டில் சீட்டுக் கச்சேரி நடக்கிற நேரமும் அதே இரண்டிலிருந்து ஐந்துதான். மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் ஒரு பொம்மை செய்தார். வைக்கோல் உடம்பு. குச்சியில் செருகிய சாக்குத் தலை. மேலே, மழையில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் போட்டுக்கொள்கிற மாதிரி, தலையிலிருந்து முட்டிவரை மடித்துப் போட்ட கம்பளி. வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தார். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் அப்பா. கூன்கூடச் சரியாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வாயில் எப்போதும் வெற்றிலை. ஆமாம் சொல்வதற்காக அவர் அதைத் துப்பியதே இல்லை. இல்லை என்று சொல்லத்தான் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதுதான் சட்டம். போட்டவரும் அவரே.

மூன்று மணிக்கு அம்மா, காப்பிக்குப் பதிலாக நாங்கள் குடிக்கிற கஷாயத்தோடு கிணற்றடிக்குப் போனாள். நானும் போனேன். பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, அது அப்பா இல்ல..."

கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"என்னங்க," என்றாள் அம்மா, கம்பளியைப் பார்த்து, ரொம்பப் பணிவாக. "இந்த இடத்தை நம்ம ஸ்பூர்த்திக்கு நாத்துப் போடக் குடுத்துடலாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க."

கம்பளி சொல்லவில்லை.

"அவ பெங்களூரும் போக வேண்டாந்தானே?"

அந்த நேரம் பார்த்து வாலறுந்தான் கொடிப் பந்தலிலிருந்து பொம்மையின் தலையில் குதித்தான். எக்கி ஒரு வெள்ளரியைப் பறித்தான். தலை முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடியது.

"பாத்தியா," என்றாள் அம்மா. "மண்வெட்டியை எடு."

அதற்குள் குரங்குகள் பாதிக் காய்களை முடித்திருந்தன. மிச்சத்தை நாங்கள் பறித்தோம். கொடியைப் பிடுங்கினோம். கொத்தினோம். ஐந்து மணிக்குள் எண்பது கொப்பு நட்டோம். அம்மா இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

சீட்டு முடிந்து அப்பா பின்பக்கமாகப் பதுங்கி வந்தார். பொம்மையைப் புதருக்குள் தள்ளினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய் வேதா. என் வெள்ளரி எங்க?"

"உங்க கண்ணு முன்னாடிதானே பிடுங்கினோம்."

"யாரைக் கேட்டுப் பிடுங்கின?"

"உங்களைத்தான். சம்மதம் இல்லைன்னா எழுந்து போய்த் துப்பியிருப்பீங்களே. நீங்க அசையவே இல்ல."

"எப்பக் கேட்ட?"

"மூணு மணிக்கு. ஏன், மூணு மணிக்கு நீங்க இங்க இல்லையா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

"இருந்தேனே. எங்க போகப்போறேன்."

"அதானே. பெங்களூரு வேண்டாம்னதுக்குத் தலையை வேற ஆட்டினீங்க."

"தலையை வேற ஆட்டினேனா?"

"ரெண்டு தடவை. இவ பாத்தா."

"பாத்தேன்பா," என்றேன். அதில் பொய் இல்லை.

அப்பா கடைசியாக ஒரு வழி தேடினார். "சரி. குரங்கு காயைத் தின்னப்ப நான் என்ன பண்ணினேனாம்?"

"ஒண்ணும் பண்ணல. ஒண்ணு உங்க தலை மேலயே உக்காந்து தின்னுச்சு. இவ்வளவு பொறுமைசாலியா நீங்கன்னு எனக்கே ஆச்சரியம்."

அப்பா எழுந்து போய்த் துப்பினார். திரும்பி வந்தும் எதுவும் பேசவில்லை.

சவுத்திக்குப் பாதிக் காய் சந்தையிலிருந்துதான் வந்தது. நான் பெங்களூரு போகவில்லை. கொப்பு எல்லாம் பிடித்துக்கொண்டது. வாலறுந்தான் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான், போய்விட்டான். பொம்மையைக் கொளுத்தப் போன அப்பாவை அம்மா தடுத்துவிட்டாள்.

"இனிமே முக்கியமான விஷயம்னா உள்ள வந்து என்னைக் கேளு," என்றார் அப்பா.

"சரிங்க," என்றாள் அம்மா.

முக்கியமில்லாத விஷயங்களை எல்லாம் இப்போது அப்பாவிடம்தான் கேட்கிறாள். மிச்சத்துக்குக் கிணற்றடிக்குப் போகிறாள்.