இடது கைக்குத் தெரியாமல்

இழுப்பறையை மூன்றாவது முறை கவிழ்த்தும் மவுத் ஆர்கன் அகப்படவில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்பவர் மேஜைக்கு அடியிலும் குனிந்து தேடினார். இறந்துபோன அண்ணன் வாசித்தது அது. ஓரத்தில் அவன் பல் பட்ட தடம்கூட இருக்கும். ஞாயிறு பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் அவன் வாசிக்க, இவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அண்ணன் ஞாபகமாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

எங்கே போயிருக்கும் என்று யோசித்தவருக்குப் பகீரென்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இவர்தானே. போன வாரம் சாப்பாட்டு மேஜையில், "சர்ச் வாசல்ல இல்லாதவங்களுக்குன்னு பெட்டி வெச்சிருக்காங்க. கிழிஞ்சது, உடைஞ்சது போட்டா அது தர்மமே இல்ல. நமக்கு ரொம்பப் பிடிச்சதைக் கொடுக்கணும்" என்று முழங்கியிருந்தார். அவருடைய மகள், ஏழு வயது வாண்டு, அப்போது பலமாகத் தலையாட்டியது.

"பாப்பா, பெட்டியில என்ன போட்ட?"

"சொல்லமாட்டேன். வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா? கடையைச் சாத்திவிட்டு சர்ச்சுக்கு ஓடினார்.

மணியடித்து, கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளைத் தாத்தா சாவியைத் தரவில்லை. "தொண்டு செய்யறவங்கதான் பெட்டியைத் தொடணும், தம்பி."

"அப்ப என் பேரையும் எழுதிக்குங்க."

தாத்தா நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "எழுதவே வேண்டாம். சனிக்கிழமை வந்துடுங்க."

வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்தார். சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால், விளையாட்டுச் சாமானெல்லாம் முந்தின நாளே பிள்ளைகள் விடுதிக்குப் போய்விட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை வாண்டையும் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போனார். சும்மா துழாவினால் சந்தேகப்படுவார்களே என்று, நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சமையல்கார அம்மா தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். பிள்ளைகள் ஓடாத பொம்மைக் கார்களைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

"என்ன மாமா தேடிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் ஒரு சிறுமி.

"மவுத் ஆர்கன்."

"வாசிக்கத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னதுதான் தப்பு. மறுவாரம் பதினொரு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கற்றுக்கொள்ள. ஆர்கன் இல்லாத வாத்தியார் அண்ணன் வாசிக்கும் பாட்டைச் சீட்டியடித்தே சொல்லிக்கொடுத்தார். பதினொரு வாயும் சேர்ந்து அதைத் திருப்பி அடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த வாண்டு எல்லாருக்கும் முன்னால் கைதட்டியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழைநாளில் பழைய கோட்டை எடுத்து மாட்டினார். பைக்குள் மவுத் ஆர்கன். ஏதோ கல்யாணத்துக்குப் போனபோது இவரே போட்டு மறந்தது. பல் தடத்தைத் தடவித் தடவிப் பார்த்தவருக்கு அப்புறம்தான் உறைத்தது. நேரே தாத்தாவிடம் போனார்.

"அப்ப என் பொண்ணு பெட்டியில என்னதான் போட்டா?"

தாத்தா நோட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"இதைப் பார்த்துத்தான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பேரை எழுதிட்டேன், தம்பி. 'எனக்கு ரொம்பப் பிடிச்சது எங்க அப்பா. சனிக்கிழமை மட்டும் எடுத்துக்கோங்க. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்.'"