மேட்டினிக்கு வராத மன்னர்

பொறுமையில் சிறந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா கோபம். அங்கே டிக்கெட் கவுண்டரில் நீயும் உன் முன் நிற்கும் கூட்டமும் நலமென்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாடகத்தில் மன்னராக நடிக்கிறாரே பெரிய நடிகர், அவர் மேட்டினி என்றால் வேண்டுமென்றே மட்டம் போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகமென்ன, நிச்சயம். நீ தந்த ஓசி டிக்கெட்டில் மூன்று மேட்டினிக்கு வந்தோம். மூன்று தடவையும் வாசலில் 'உடல்நலக் குறைவால் இன்று மாற்று நடிகர்' என்று ஒரு துண்டுக் காகிதம். மாற்று நடிகர் நல்ல மனிதர்தான். ஆனால் தலை சிறிது, கிரீடம் பெரிது. போர்க்களத்தில் "எங்கே என் எதிரி?" என்று அவர் கர்ஜித்தபோது கிரீடம் மூக்கு வரை இறங்கிவிட்டதால், பாவம், நிஜமாகவே கேட்டார். முன்வரிசைக்காரர் ஒருவர் "வலது பக்கம் சார்" என்று வழி சொன்னார்.

உன் அக்கா சிரிக்கவில்லை. பெரிய நடிகரின் படத்தைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீரோ கதவில் ஒட்டி வைத்திருப்பவள் அவள். வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, நீங்கதான் ஏதாவது பண்ணி அந்த மனுஷனை வரவிடாம செய்றீங்களா?" என்றாள். அவ்வளவு செல்வாக்கு எனக்கிருந்தால் முதலில் எங்கள் மேனேஜரையல்லவா ஆபீசுக்கு வரவிடாமல் செய்திருப்பேன்? வருகிற சனிக்கிழமையோடு நாடகம் முடிகிறதாம், அப்புறம் அவர் மேடையே ஏறமாட்டாராம். அதற்குள் அவள் அவரைப் பார்க்காவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் நான்தான் குற்றவாளி.

அதனால் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, மறுநாள் தியேட்டர் பக்கவாசலில் துப்பறிய நின்றேன். வாட்ச்மேன், "அவரா? வருஷத்துல நாலு நாள்கூட லீவு போடமாட்டாரே சார்" என்றார். சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்? எதிர் மருந்துக்கடையில் அந்த நடிகரே மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமிக்கொண்டிருந்தார். நடிகருக்கு இருமச் சொல்லித் தரணுமா? ஆள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிறார், அவ்வளவுதான். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ உள்ளே இருக்கிறவன். சனிக்கிழமையாவது நிஜமாக வருவாரா என்று நைசாக விசாரித்து எழுது. உன் அக்காவுக்குத் தெரியவேண்டாம்.

உன் வீட்டார் எல்லோரும் இருமல் சளியில்லாமல் நீடு வாழ வாழ்த்தும்,
அத்தான்

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். "என் தம்பி டிக்கெட் இருக்குன்னு எப்ப போன் பண்ணுவான்?" என்றாள். நாடகத்தன்றைக்குக் காலையில்தான் என்றேன். "அவர் வரலேன்னு தெரிஞ்சதும் காசு கொடுத்தவங்க டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடறாங்க. அதுதாங்க நமக்கு வருது. அவர் வர்ற நாளெல்லாம் நாம வீட்ல உக்காந்திருக்கோம்" என்றாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். சனிக்கிழமைக்கு எங்கள் சொந்தக் காசில் இரண்டு டிக்கெட் எடுத்து வை. வாங்கிக்கொள்ள அவளே நாளைக்குக் கவுண்டருக்கு வருகிறாள். இதெல்லாம் உனக்குத் தெரியுமா தெரியாதா என்றும் கேட்க வேண்டுமாம்.