மாப்பிள்ளை விட்டுச் சென்ற லைட்டர்

மந்தாரக்குப்பம்,
வெள்ளிக்கிழமை, மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஜெயகணேஷ் அவர்களுக்கு, மாமா இசக்கிமுத்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை உமாராணியும், என் வலது தொடையில் ஒரு உள்ளங்கை அகல இடம் நீங்கலாக, சௌக்கியம். தொடையைப் பற்றிப் பிறகு வருகிறேன். அங்கு நீங்களும் காயத்ரியும் ஓசூர்க் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் அத்தை அடுத்த அறையிலிருந்தே பதில் சொல்வாள். வாட்ஸப்பில் அனுப்பினால் காயத்ரி உங்கள் போனை எடுத்துப் பார்ப்பாள். அதனால்தான் உங்கள் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கேண்டீனில் வைத்துப் படிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்துவிட்டு நீங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், ஹாலில் நீங்கள் படுத்திருந்த திவானின் மெத்தை இடுக்கில் ஒரு லைட்டர் கிடந்தது. வெள்ளி நிறம், மூடியைத் திறந்தால் ‘க்ளிக்’ என்று வாய்க்குள் நாக்கைத் தட்டியதுபோல ஒரு சத்தம். உடனே புரிந்துகொண்டேன். பெண் பார்க்க வந்தபோது “எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லைங்க மாமா” என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இருக்கட்டும். மாப்பிள்ளை என்றால் ஒன்றிரண்டு பொய் சொல்லத்தான் செய்வார், நானும் என் மாமனாரிடம் எனக்கு நீச்சல் தெரியும் என்று சொன்னவன்தான். யார் கண்ணிலும் படாமல் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அடுத்த முறை வரும்போது கையில் ரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஒன்பதாம் நாள் எடுத்துத் தட்டிப் பார்த்தால் பொறி மட்டும் வருகிறது, தீ வரவில்லை. நான் ஒரு தடவைகூடப் பற்றவைக்கவில்லை மாப்பிள்ளை. உங்கள் பொருள் எங்கள் வீட்டில் வந்து செத்துப்போனதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான், ஓடாமல் நிற்கிற மிஷின்தான் முதலில் கெடும் என்பது எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் வீரம்மாளிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயசுக்காரம்மா, லைட்டர் விஷயத்தில் டாக்டர். அடிப்பக்கம் பிரித்துப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா சார், தொண்ட காஞ்சிகினு கெடக்குது. இது பத்த வெச்சாலும் வெக்காங்காட்டியும் பெட்ரோலு பறந்துகினேதான் சார் இருக்கும். பத்து நாளைக்கு ஒருக்கா ஊத்தணும்” என்றது. “யாருதுங்க?” என்று கேட்டது. வாய் தவறி, “என்னுதுதாம்மா” என்று சொல்லிவிட்டேன். என் கஷ்டகாலம் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கியது.

பத்து நாள் என்பது என்னை என்னவோ செய்தது மாப்பிள்ளை. யாரும் தொடாமல், மூடி மூடியபடியே, ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் அது எங்கே போகிறது? மத்தியானம் உங்கள் அத்தை சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் பின்கட்டில் முருங்கை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூரத்தில் புகைபோக்கிகள் வெள்ளை வெள்ளையாய் விட்டுக்கொண்டிருக்கும், இரண்டாவது ஷிப்ட் பஸ் போகும், காற்று மெதுவாக வேப்பம்பூவை உதிர்க்கும். பூமிக்கடியில் எத்தனையோ லட்சம் வருஷம் அசையாமல் கிடந்த நிலக்கரியைத் தோண்டி அனுப்பின கைக்குள், பத்து நாள்கூட இருக்கமாட்டேன் என்று ஒன்று சத்தமில்லாமல் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கோடையில் கரி தானாகவே புகையும், தண்ணீர் பீய்ச்சி அணைப்போம், தீ என்றாலே ஓடிப்போய் அணைத்துப் பழகினவன் நான். இப்போது ஒரு தீ அணையாமல் பார்த்துக்கொள்கிற வேலை. தட்டினால் கட்டைவிரல் நகம் உயரத்துக்கு மஞ்சளாய் எழுந்து, காற்றுக்கு ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி நிமிரும். பார்த்துக்கொண்டே இருந்தால் டீ ஆறிப்போகும். ரிட்டயர்ட் ஆன பிறகு என்னைத் தேடி வந்த முதல் வேலை அதுதான்.

முதலில் ஸ்கூட்டர் பெட்ரோலை இங்க் ஃபில்லரில் உறிஞ்சி ஊற்றினேன். தீ கரும்புகை விட்டது, திரி தார்போல ஆனது. வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டது. “வண்டி பெட்ரோலயா ஊத்திகினு வந்தீங்க? வூடே நாறுமே சார்!” என்று லைட்டருக்கென்றே வருகிற சின்ன டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தது. கருகின திரியை இடுக்கியால் கொஞ்சம் மேலே இழுத்து நுனியை வெட்டவும், அடியில் ஸ்க்ரூவைக் கழற்றித் தேய்ந்த கல்லை மாற்றவும், மூடி சேர்கிற இடத்தில் சைக்கிள் டியூபை மோதிரம்போல வெட்டி மாட்டவும் சொன்னது. டியூப் மாட்டினதும் பத்து நாள் பதினாலு நாள் ஆனது. அன்றைக்கு எனக்கு இன்கிரிமென்ட் வந்த மாதிரி இருந்தது. சித்திரை வெயிலில் மறுபடி எட்டு நாளுக்கு இறங்கியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு லேசாய்க் காய்ச்சலே வந்தது.

அந்தப் பதற்றத்தில்தான் ஒருநாள் பஞ்சு குடிக்கிற அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன். துடைக்காமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் தொடையில் யாரோ மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிச்சல். வரிசையில் நின்ற எல்லாரும் பார்க்க நான் ஒற்றைக் காலில் குதித்தேன். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது அத்தை உள்ளே வந்துவிட்டாள். கட்டிலில் லைட்டர், பக்கத்தில் டப்பா, என் கையில் எண்ணெய்.

“என்னங்க இது?”

நான் டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

“பெட்டிக்கடையில உங்களப் பாத்தேன்னு எதுத்த வீட்டு தமயந்தி சொன்னப்போ நான் நம்பல. எத்தன நாளா நடக்குது?”

“ஜனவரியிலேருந்து.”

மாப்பிள்ளை, ‘இது ஜெயகணேஷோடது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உங்கள் அத்தைக்கு நீங்கள் என்றால் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பெயர் கெட வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். அவள் கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “எந்தம்பி ராமசாமி இருமி இருமிச் செத்தத நீங்களுந்தான பாத்தீங்க. நாப்பத்தெட்டு வயசு. அது போதலியா எனக்கு?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே காயத்ரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் குற்றத்தையெல்லாம் சொன்னாள். காயத்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், “அம்மா, அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னாள். அப்பனைப் பற்றி இப்படிக் கேட்டபிறகும் பொறுத்துப்போகிற பெண்ணைப் பெற்றேனே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த மாதப் பூசத்துக்கு அத்தை என்னை வடலூர் கூட்டிக்கொண்டு போய், “ஜோதிக்கு முன்னால சொல்லுங்க, இனிமே சிகரெட் குடிக்க மாட்டேன்னு” என்றாள். குடிக்க மாட்டேன் என்பது சத்தியம். ‘இனிமே’ என்பதுதான் பொய். அதை மட்டும் மென்று விழுங்கிச் சொன்னேன். திரும்பும்போது தருமசாலையில் அந்த அணையா அடுப்புப் பக்கம் போனோம். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாய் எரிகிறது என்கிறார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே செம்பருத்தி நிறத்தில் கனல் மூச்சு விட்டது. விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், என்னவோ ஒரே செக்‌ஷன் ஆட்களைப்போல. எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பிப் பார்த்தால் உங்கள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மனம் திருந்தி உருகி நிற்பதாக நினைத்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டையும் எனக்கே கொடுத்தாள். அதிலிருந்து பழையபடி பேசுகிறாள், தினமும் காலையில் என் சட்டையை மோந்து பார்ப்பதோடு சரி.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் லைட்டர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. திரி புதிது, கல் புதிது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமா கேட்பதெல்லாம் ஒன்றுதான், அந்தச் சிகரெட்டை விட்டுவிடுங்கள். காயத்ரிக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், புகை வாசமே அறியாத பிள்ளை. விடவே முடியாது என்றால், பெட்ரோல் ஊற்றினபிறகு லைட்டரையும் கையையும் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்தாவது பற்றவையுங்கள்.

நீங்கள் இருவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும், ஒருவரிடம் ஒருவர் ஒளிவுமறைவு இல்லாமலும் வாழ, இந்தக் கிழவனின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சி. இசக்கிமுத்து

பின்குறிப்பு: சனிக்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் காயத்ரி வந்து இறங்கிவிட்டாள், அப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அத்தை வரச்சொன்னாளாம். பின்கட்டில் நான் திரியை வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “அப்பா, அது என்னோடது” என்றாள். பெல்ட் சத்தத்தில் போன காது, சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னாள். “மாப்பிள்ளையோடது இல்லையா?” என்றேன். “அவருக்கு ஊதுபத்தி வச்சாலே தும்மல் வரும்ப்பா. அவருக்கு இது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்” என்றாள். திவானில் வைத்த அவள் கைப்பையிலிருந்து நழுவியிருக்க வேண்டும், இது தொலைந்துபோனதே நல்லது என்று பொங்கலிலிருந்து சிகரெட்டையே விட்டுவிட்டாளாம், ஐந்து மாதம் ஆகிறதாம். அவள் தொலைத்துவிட்டுத் திருந்தியதைத்தான் நான் தொடை வெந்து காப்பாற்றியிருக்கிறேன். லைட்டரைத் தட்டிக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்சநேரம் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “நல்லா வச்சிருக்கீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று எழுந்தாள். பழி என்மேலேயே இருக்கட்டும் என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேன். ஆகவே மேலே கண்ட புத்திமதிகள் எதுவும் உங்களைச் சேர்ந்தவையல்ல, மன்னிக்கவும். ஒரே ஒரு உதவி. அடுத்த முறை அத்தை போனில் என்னைப் பற்றி அழுதால், நான் வெகுவாகக் குறைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.